வரம்பிலா ஆற்றலும் வற்றும் பதைப்பும்: தமிழ் அறிவியல் புனைகதையில் மாயத்தின் இடம்

தமிழ் அறிவியல் புனைகதை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவோடு தொடங்கி அதே வினாவோடு முடிகின்றன: கதையில் இடம்பெறும் அறிவியல் மெய்யா, பொய்யா? எந்திர மனிதன், காலப் பயணம், வேற்றுக்கோள் உயிர் எனக் கூறுகள் வகைப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் இயற்பியலோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று பார்க்கப்படுகிறது. பொருந்தாதவை மாயம் என ஒதுக்கப்படுகின்றன. இவ்வளவுகோல் பயனற்றதன்று, எனினும் அது கதையை விட்டுவிட்டுப் பாடநூலை அளக்கிறது. மாயம் புகுந்துவிட்டது என்பதனால் மட்டும் ஒரு கதை கெடுவதில்லை. அம்மாயத்தால் இயலாதது எதுவுமில்லை என்று வாசகர் உணரும் இடத்தில்தான் அது கெடுகிறது. அங்கே முதலில் சாவது அறிவியல் அன்று, பதைப்பு.

வார இதழ்களும் திரைத்துறையும் ‘சஸ்பென்ஸ்’ என வழங்கும் உணர்வையே இங்குப் பதைப்பு என்னும் சொல் குறிக்கிறது. அடுத்து என்ன நிகழும் என அறியும் ஆவல் அதன் ஒரு பாதி. நிகழக்கூடாதது நிகழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் மறுபாதி. முதற்பாதி மட்டும் இருப்பின் அது விடுகதை கேட்கும் ஆர்வத்தோடு நின்றுவிடும்.

இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் மூன்றாம் விதி இத்தகைய விவாதங்களில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும். போதிய அளவு வளர்ந்துவிட்ட தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய இயலாது என்பது அதன் கருத்து. அது காண்போரின் அறியாமையைப் பற்றிய கூற்று. கதை சொல்வோருக்கு வழங்கப்பட்ட உரிமம் அன்று. ஒரு பொறியைக் கண்டு மயங்கும் மாந்தருக்கு அதன் இயக்கம் விளங்காமல் இருக்கலாம். அப்பொறியைக் கதைக்குள் நிறுத்தும் ஆசிரியருக்கும் அதன் எல்லை விளங்காமற்போனால் கதை நகர இடமில்லை.

மருட்கையும் அச்சமும்

இவ்வேறுபாட்டைப் பேசுவதற்கான கருவி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். மருட்கை பிறக்கும் களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கையும், அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கையும் சுட்டினார். இரு வரிசைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். மருட்கையின் களன்கள் யாவும் பொருளின் பண்புகள். அச்சத்தின் களன்கள் யாவும் எதிரில் நின்று வினைபுரியக்கூடியவை. வியப்பதற்குக் காண்பவர் ஒருவர் இருந்தால் போதும். அஞ்சுவதற்கோ எதிர்நிற்பது ஒன்று வேண்டும். அதனினும் அஞ்சுபவர் மெலியவராகவும் இருத்தல் வேண்டும்.

இதனைக் கதைத்தலைவன் கையிலுள்ள மாயத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவன் ஆற்றல் வளர வளர மருட்கை வளரும், அச்சம் தேயும். எதிரியின் கையில் மாயம் வளர்ந்தால் ஓர் எல்லை வரை அச்சமும் கூடும். ஆனால் எதிரியின் ஆற்றலுக்கும் வரம்பே இல்லை என்றாகிவிட்டால் அச்சம் கையறுநிலையாக மாறிவிடுகிறது. புறத்திணையில் கையறுநிலை என்பது இறந்தபின் பாடுவது. அங்கே இரங்கலாம், பதைக்க இயலாது. அந்நிலையிலிருந்து தலைவனை மீட்க ஆசிரியர் அவனுக்கும் புதிதாக ஒரு பேராற்றலை அளிக்க வேண்டிவரும். பின்னர் இரண்டு முடிவின்மைகள் மோதும். எது வெல்லும் என்பதைக் கதையின் தருக்கம் தீர்மானிப்பதில்லை, ஆசிரியரின் விருப்பமே தீர்மானிக்கும்.

சிறுமையும் மருட்கைக்குக் களனாகும் என்று தொல்காப்பியர் கண்டது தனியே எண்ணத்தக்கது. உருவைப் பெருக்குவதே வியப்பூட்டும் ஒரே வழி என்று நம்பும் இன்றைய திரைக்கதையாளர் பலர் இப்பக்கம் திரும்புவதில்லை.

மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

மாயத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட தமிழ்க் காப்பியங்களுள் மணிமேகலை இச்சிக்கலுக்கு மிகச் சிறந்த சான்று. ஒரே மந்திரம் ஓரிடத்தில் பதைப்பை உண்டாக்குவதையும் மற்றோரிடத்தில் அழிப்பதையும் அதே நூலில் காணலாம்.

மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அருளுகிறது: வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசியைத் தாங்குதல். இவை எவற்றைச் செய்யும் என்பது தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகிறது. ஆகவே அவை எவற்றைச் செய்யா என்பதும் வாசகருக்குத் தெளிவாகிறது. பிறர் மனத்தை மாற்றும் மந்திரம் அவற்றுள் இல்லை. இறந்தவரை எழுப்பும் மந்திரமும் இல்லை. உதயகுமரனின் வேட்கையை ஒரு சொல்லால் அணைத்துவிட அவளால் இயலாது.

அவனிடமிருந்து தப்பும்பொருட்டு அவள் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். முனிவரின் சாபத்தால் யானைத்தீ நோயுற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் பசியால் வருந்தி, மணிமேகலையின் கையால் உணவு பெற்று நோய் நீங்கி ஊர் திரும்பப் புறப்பட்டவள் காயசண்டிகை. அவள் கணவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன், சாபக்காலம் கழிந்தும் மனைவி வாராமையால் தேடி வருகிறான். தன் மனைவியின் வடிவில் நிற்பவள் தன்னைப் பொருட்படுத்தாமல் அரசகுமரனோடு உரையாடுவதைக் காண்கிறான். அவள் உரைப்பது யாக்கை நிலையாமை. அவன் காண்பது காமம். நள்ளிரவில் உலக அறவிக்கு வந்த உதயகுமரன் அவன் வாளுக்கு இரையாகிறான்.

இப்பகுதியின் பதைப்பு முழுவதும் மந்திரத்தின் வரம்பிலிருந்தே பிறக்கிறது. உருவை மாற்றலாம், அவ்வுருவுக்கு உரிய உறவுகளை மாற்ற இயலாது. காயசண்டிகையின் உடலை எடுத்தவள் காயசண்டிகையின் கணவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். காஞ்சனன் நகருக்குள் நுழைந்ததை வாசகர் அறிவார்; மணிமேகலை அறியாள். பாதுகாப்புக்காக மேற்கொண்ட மாயமே கொலைக்குக் காரணமாகிறது. எந்த அறிவியல் புனைகதை ஆசிரியரும் பொறாமை கொள்ளத்தக்க அமைப்பு இது: ஆற்றல் உண்டு, அதற்கு விலையும் உண்டு, விலையைச் செலுத்துபவர் வேறொருவர்.

பின்னர் நிகழ்வது வேறு. மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைச் சிறையினின்று மீட்பதுபோல் தன்னிடம் அழைத்துச்சென்று அடுத்தடுத்துத் தீங்கு செய்ய முனைகிறாள். பித்தேற்றும் மருந்து பயனளிக்கவில்லை. தீய எண்ணத்தோடு அனுப்பப்பட்ட இளைஞன் முன் மணிமேகலை ஆணுருவில் நிற்கிறாள். நோயுற்றாள் எனக் கூறிப் புழுக்கறையில் அடைத்தபோதும் பசிதாங்கும் மந்திரத்தால் வாடாதிருக்கிறாள். இங்கு வாசகருக்குப் பதைப்பு எழுவதில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு தீங்குக்கும் உரிய மாற்று அவளிடம் முன்னரே இருப்பது தெரியும். சாத்தனார் இப்பகுதியில் நாடுவதும் பதைப்பை அன்று. தோற்றுத் தோற்று நடுங்கும் அரசியின் மனமாற்றத்தை. கவனம் மணிமேகலையிடமிருந்து அரசிக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. மாயம் வென்றுகொண்டே போகும் இடத்தில் கதையின் பொருளை மாயத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

இதனினும் நுட்பமானது அமுதசுரபியின் முன்கதை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்பது வரையறையிலேயே முடிவிலா ஆற்றல். சிந்தாதேவியிடம் அதனைப் பெற்ற ஆபுத்திரனை இந்திரன் எவ்வாறு வெல்கிறான்? பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை, அதனினும் பெரிய பாத்திரம் ஒன்றைப் படைக்கவும் இல்லை. மழையைப் பெய்வித்தான். பாண்டிய நாடு செழித்தது. பசித்தவர் எவரும் வரவில்லை. உண்பாரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். உலகத்துக்கே சோறிடும் பாத்திரம் கையிலிருக்க, உண்பதற்கு ஆளில்லாத தீவில், தான் ஒருவன் மட்டும் அதில் உண்ண மனமின்றி, ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படுமாறு கூறிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். ஆற்றலுக்கு வரம்பு இல்லையெனில் தேவைக்கு வரம்பு வைக்கலாம் என்று இக்கதை காட்டுகிறது. எதையும் செய்யவல்ல எந்திரத்தைப் பற்றி எழுத விரும்புவோர் ஆங்கில முன்மாதிரிகளைத் தேடுவதற்குமுன் பாத்திர மரபு கூறிய காதையை ஒருமுறை படிக்கலாம்.

வரமும் இடைவெளியும்

வரம் என்னும் கதைக்கருவி இதே அறிவின் எளிய வடிவம். கம்பர் தம் காப்பியத்துள் விரித்துரைத்த இரணியன் கதையில் அவன் பெற்ற வரம் ஒரு பட்டியலாகவே அமைகிறது. கேட்போரின் மனம் அப்பட்டியலில் விடுபட்டது எது என்று தேடத் தொடங்குகிறது. இராவணன் மானிடரைப் பொருட்படுத்தாமல் வரம் பெற்றது மற்றொன்று. விக்கிரமாதித்தன் கதையில் ஆயிரம் ஆண்டு அரியணை வரம் ‘நாடாறு மாதம், காடாறு மாதம்’ என்னும் கணக்கால் இரண்டாயிரம் ஆண்டாகிறது. புதிய வரம் எதுவும் தரப்படவில்லை. உள்ள வரத்தின் சொற்கள் மட்டும் வேறுவிதமாகப் படிக்கப்பட்டன. ஐசக் அசிமோவ் 1942இல் எந்திரர்க்கான மூன்று விதிகளை வகுத்து, அவ்விதிகளின் இடுக்குகளிலேயே கதைகளை அமைத்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. எதிர்கால அறிவியலைக் கொண்டு எந்தப் புதிரையும் நினைத்தபடி அவிழ்த்துவிடலாம் என்பதால் அறிவியல் புனைகதையில் துப்பறியும் கதை இயலாது என்று இதழாசிரியர் ஜான் கேம்பல் கருதினார். அதற்கு மறுப்பாக எழுந்ததே அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’. அந்நாவலின் எந்திரத் துப்பறிவாளனால் என்ன இயலாது என்பது புதிர் தொடங்குமுன்பே வாசகருக்குத் தெரியும்.

எச்.ஜி. வெல்ஸின் ‘தி இன்விசிபிள் மேன்’ (1897) இன்னும் தெளிவானது. மறைந்து திரிபவன் ஆடையின்றித் திரிய வேண்டும், குளிர் வாட்டும். உண்ட உணவு செரிக்கும் வரை வெளியே தெரியும். பனியில் காலடி பதியும். நாய்களுக்கு மோப்பம் தப்பாது. பெரும்பேறாகத் தோன்றிய ஆற்றல் ஒவ்வொரு பக்கமும் ஒரு தளையாக மாறுகிறது.

காளையின் கொம்பு எட்டும் தூரம்

மாயமே இல்லாத ஒரு படைப்போடு ஒப்பிடும்போது இது மேலும் விளங்கும். திண்டுக்கல் மாவட்ட நிலக்கோட்டை வட்டத்தில் சேவுகம்பட்டியும் வத்தலக்குண்டும் ஒரே சமவெளியில் அருகருகே அமைந்த ஊர்கள். தமிழ்ப் புனைகதையின் தொடக்க வரலாற்றில் இப்பகுதிக்குரிய இடம் பெரிது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையர், மணிக்கொடி இதழை நடத்திய பி.எஸ். ராமையா, 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா ஆகிய மூவரும் வத்தலக்குண்டோடு தொடர்புடையவர்கள். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் பதைப்பின் இலக்கணத்தைக் கற்பிக்கும் நூல் எனில் மிகையன்று.

தன் தந்தையைக் கொன்ற காரிக் காளையை அடக்க வந்து நிற்கிறான் பிச்சி. கதை நிகழும் காலம் ஒரு பிற்பகல். இடம் ஒரு திட்டிவாசலின் முன்புறம். பெரும்பகுதி காத்திருத்தலிலும் பேச்சிலுமே கழிகிறது. முன்னே வரும் காளைகள், அவற்றின் குணங்கள், பிடிப்பவரின் நுணுக்கங்கள், கிழவரின் அனுபவச் சொற்கள் என வாசகர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார். காரி வெளிப்படும்போது கொம்பு எவ்வளவு தூரம் எட்டும், திமில் பிடி தளர்ந்தால் என்ன நேரும், ஜமீன்தாரின் காளையை அடக்குவது என்ன பகையை விளைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சல்லிக்கட்டை நேரில் பார்த்தறியாத வாசகரும் அந்நேரத்தில் சேவுகம்பட்டிச் சுற்றுவட்டாரத்து மாடுபிடி வீரர் ஒருவர் அறிந்த அளவுக்கு ஆட்டத்தின் விதிகளை அறிந்துவிடுகிறார். காளைக்கும் வரம்பு உண்டு, மனிதனுக்கும் வரம்பு உண்டு. இரண்டும் முன்னரே அளந்து காட்டப்பட்டுள்ளன. பிச்சியின் கையில் ஒரு தாயத்து இருந்து, அது காரியை மயக்கிவிடும் என்றால் அக்குறுநாவலில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதை அறிவியல் புனைகதையோடு ஒப்பிடுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். களம் வேறு, ஆனால் வாசகருக்கு ஆட்டத்தின் விதிகளைக் கற்பித்துவிட்டுப் பிறகு ஆட்டத்தைத் தொடங்குவது என்னும் கட்டுமானம் ஒன்றே. நடைமுறையில் அறிவியல் புனைகதைக்கு இக்கடமை கூடுதலாகவே உண்டு. காளைக்கு எத்தனை கால் என்று செல்லப்பா சொல்லத் தேவையில்லை. எந்திரத்துக்கு என்ன தெரியும் என்பதை அதைப் படைத்தவர்தாம் சொல்ல வேண்டும்.

ஜீனோவிலிருந்து சிட்டி வரை

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இக்கடமையை உணர்ந்த படைப்பு. ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி, கணவன் சிபியைத் தொலைத்த நிலா, இவற்றுக்கு நடுவே ஜீனோ என்னும் இயந்திர நாய். நாட்டையே கண்காணிக்கும் அரசின் எதிரே ஆசிரியர் நிறுத்துவது ஒரு பேரெந்திரத்தை அன்று; கையில் தூக்கிச் செல்லத்தக்க, பிரித்துப் போட்டுவிடத்தக்க ஒரு பொம்மையை. ஜீனோ படிக்கிறது, மெல்ல மெல்லச் சிந்திக்கக் கற்கிறது; அதன் வலிமை அறிவு, மெலிவு உடல். அந்த உடலை எவரும் உடைக்கலாம் என்பது வாரந்தோறும் வாசகரின் நினைவில் இருந்தது. சிறுமையும் மருட்கைக்குக் களனாகும் என்ற தொல்காப்பியர் கருத்துக்கு இக்காலத்து எடுத்துக்காட்டாக ஜீனோவைக் கொள்ளலாம்.

ஷங்கர் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படம் இம்மரபின் தொடர்ச்சியாகவும் அதிலிருந்து விலகலாகவும் ஒருசேர அமைந்தது. முற்பகுதியில் சிட்டி என்னும் எந்திரனின் ஆற்றல் மிகப் பெரிது. ஆயினும் அதற்குப் புரியாதது ஒன்று உண்டு. தீப்பற்றிய குடியிருப்பிலிருந்து மக்களை மீட்கும்போது குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அந்நிலையிலேயே கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து விடுகிறது. நாணத்தால் ஓடியவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். தீயை வென்ற எந்திரத்துக்கு மானம் என்பது தெரியவில்லை. காயசண்டிகை வடிவத்துக்கு நேர்ந்ததைப் போன்றே இங்கும் ஆற்றல் பிழைபடவில்லை. ஆற்றலின் எல்லைக்கு அப்பால் இருந்தது கொன்றுவிட்டது. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே.

பிற்பகுதியில் சிட்டி தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கானவற்றை உருவாக்குகிறது. அவை ஒன்றோடொன்று பிணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் மாறுகின்றன. வியப்பு உச்சத்துக்கு ஏறுகிறது. எனினும் அப்பகுதியில் பதைப்பு தரும் இடம் அவ்வுருவங்கள் அல்ல. எந்திரங்களுக்கு நடுவே எந்திரம்போல் வேடமிட்டு நிற்கும் வசீகரனைச் சிட்டி தேடும் காட்சி. அங்கு நிற்பவன் வெட்டினால் குருதி சிந்தும் மனிதன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

2018இல் வந்த ‘2.0’ படத்தில் பறவை ஆர்வலர் பட்சிராஜனின் உயிராற்றல் நகரின் கைப்பேசிகளையெல்லாம் தன்வயப்படுத்திப் பெரும் பறவையாகிறது. இவ்வாற்றலால் இயலாதது எது என்பது நெடுநேரம் சொல்லப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு மோதலும் முந்தையதைவிடப் பெரிதாக வேண்டியிருக்கிறது. இறுதியில் எதிரியின் மெலிவு வெளிப்படுகிறது: புறாக்களின் உயிரைப் பணயம் வைத்தால் அவன் பணிவான். பறவைகளின்மீது அவன் கொண்ட அன்பு முன்னரே ஊன்றப்பட்டது; ஆகவே அது நேர்மையான தீர்வு. அதைப் பயன்படுத்த வரும் சிற்றெந்திரப் படையோ முன்னறிவிப்பின்றி வந்து இறங்குகிறது. ஒரே தீர்வில் ஒரு பாதி கதையிலிருந்தும் மறுபாதி ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தும் வருவதைக் காண்கிறோம்.

இதற்குக் காரணத்தைப் படைப்பாளரின் திறனில் மட்டும் தேடுவது சரியன்று. உச்ச நட்சத்திரத்தை மையமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படத்தில் நாயகன் தோற்கமாட்டான் என்பது அறிவியல் நுழைவதற்கு முன்னரே ஒரு மாயம். அம்மாயத்தின்மீது எந்திரத்தின் மாயத்தை ஏற்றினால் வரம்பின்மை இரட்டிக்கிறது. வாரத் தொடருக்கும் ஒரு நெருக்கடி உண்டு: சென்ற வாரம் ஏற்படுத்திய சிக்கலை இந்த வாரம் அவிழ்க்க வேண்டிய ஆசிரியருக்குப் புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடிப்பதே எளிய வழி. அவ்வழியில் எத்தனை தொடர்கள் சென்றன என்பது தமிழ் இதழியலும் புனைகதையும் சந்திக்கும் இடத்தில் செய்யவேண்டிய ஆய்வு.

முடிவு தெரிந்த கதையும் பதைப்பும்

தமிழ்க் கதைமரபுக்குப் பதைப்பு ஒரு பொருட்டே அன்று என ஒரு மறுப்பு கூறப்படலாம். கண்ணகி மதுரையை எரிப்பாள் என்பதும் இராமன் வெல்வான் என்பதும் கேட்போருக்குத் தெரியும்; தெரிந்தே விடிய விடியக் கூத்துப் பார்த்தனர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் முடிவு தெரிந்திருப்பது வேறு, விலை இல்லாதிருப்பது வேறு. நகரை எரிக்கவல்ல கண்ணகியால் கோவலனைத் தன்னோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. அவன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு மறைகிறான். என்ன நிகழும் என்பது நூறு முறை கேட்டவருக்கும் தெரியும். அது எதனைப் பறித்துக்கொண்டு நிகழும் என்பதே ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடிக்கிறது. விலையில்லாத ஆற்றல் அவ்வுணர்வை முதல் கேட்பிலேயே இல்லாமற் செய்துவிடும்.

காலத்தைத் திருப்பும் கதைகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. நிகழ்ந்ததை நிகழாததாக ஆக்கமுடியும் எனில் எவ்விழப்பும் இழப்பன்று. ‘இன்று நேற்று நாளை’ (2015) இதனை ஓரளவு எதிர்கொண்டது. தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துத் தர நண்பர்கள் இருவர் எதிர்காலத்து எந்திரத்தைப் பயன்படுத்த, இறந்திருக்கவேண்டிய கொடியவன் ஒருவன் அதனால் பிழைத்துக்கொள்கிறான். சிறு திருத்தத்துக்குப் பெரிய விலை. எந்திரமும் பழுதாகிவிடுகிறது. ‘24’ (2016) இருபத்து நான்கு மணிநேரம் மட்டுமே பின்செல்லும் கைக்கடிகாரத்தோடு தொடங்கியது. படத்தின் தலைப்பாகவே நின்ற அவ்வரம்பு பின்னர் நீக்கப்பட்டபோது அதுவரை கற்ற விதிகளை வாசகர் மறக்க வேண்டியதாயிற்று. அழகாகக் கட்டிய வேலியைக் கட்டியவரே பிடுங்கியதுபோன்ற ஏமாற்றம் அது.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) தேர்ந்த வழி வேறு. இறந்தால் அதே நாள் மீண்டும் தொடங்கும் என்பது அப்துல் காலிக்குக் கிடைத்த ஆற்றல். மேலோட்டமாகப் பார்த்தால் இது பதைப்பை அறவே கொல்லும் ஏற்பாடு; எத்தனை முறை தோற்றாலும் அவன் மீண்டும் முயலலாம். படமும் சிறிது நேரம் அதை வேடிக்கையாகவே கையாள்கிறது. பின்னர் அதே சுழற்சியின் நினைவு எதிரியான தனுஷ்கோடிக்கும் வாய்த்துவிடுகிறது. அதற்குமேல் நாயகன் கற்ற ஒவ்வொன்றையும் எதிரியும் கற்கிறான். நேற்றைய வெற்றி இன்றைய பொறியாகிறது. ஆற்றலைக் குறைக்கவில்லை, பறிக்கவில்லை; அதைத் தனியுடைமையாக இருக்கவிடவில்லை. ஆபுத்திரனின் பாத்திரத்துக்கு எதிரே இந்திரன் மழையை நிறுத்தினான் என்றால், இங்கே ஒருவன் கையிலுள்ள நாளை இருவர் கைக்கும் கொடுத்துவிட்டார் இயக்குநர். முதலமைச்சரின் உயிர் யார் கையில் என்பது அதன்பிறகுதான் பார்வையாளருக்கு ஒரு வினாவாகிறது.